உப்பில் கிடக்கும் ஷாஃப்ட்



மே மாதம் வந்தால் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். திருநெல்வேலிக்கு டிக்கெட் கிடைக்காத கவலை, பள்ளிக்கூடச் சேர்க்கை, மழை பிடிப்பதற்குள் கூரைக்குத் தார்ப்பாய் போடுகிற செலவு. இந்த முறை மும்பை தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஒரு தம்பி வேறொன்று எழுதியிருந்தார். அலிபாக் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடும் இடத்தில் அவருக்கு வேலை. சவாரி ஏற்றுவதும் அவரே, வண்டியைப் பழுது பார்ப்பதும் அவரே. அவருடைய முதலாளி, உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளோடு, நின்றுகொண்டே ஓட்டும் பழைய ஜெட் ஸ்கீ ஒன்றையும் வாங்கிவந்திருக்கிறார். இரண்டு சீசனில் அதற்கு இரண்டு டிரைவ் ஷாஃப்ட் போய்விட்டது. “கண்டபடி ஓட்டித் தேய்ச்சுட்டே” என்று சம்பளத்தில் பிடித்திருக்கிறார். “ஐயா, ஓட்டுறதுனாலதான் தேயுதா? நான் என்ன செஞ்சா தேயாது?” என்பது தம்பியின் கேள்வி.

கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தக் கேள்வி மனசில் உட்கார்ந்துவிட்டது. கடலில் ஓடும் வண்டியைப் பற்றி நம் பத்திரிகை இதுவரை எழுதியதில்லை. ஆனால் வேலை செய்கிற பிள்ளையின் கூலியில் கை வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஒரு இரும்புத் தண்டு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தத் தண்டுக்கு என்னதான் ஆகிறது என்று பார்த்துவிடுவதுதான் நியாயம்.

செம்பூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. படகு இன்ஜின் வேலையிலேயே தலை நரைத்தவர். அவரிடம் போனேன். பழைய சாக்கில் சுற்றிவைத்திருந்த ஷாஃப்ட் ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். பார்வைக்கு வழவழவென்று, குறையில்லாமல்தான் இருந்தது. என் கட்டைவிரலைப் பிடித்து, நகத்தை ஷாஃப்ட்டின் நீளவாக்கில் இழுத்தார். ஓரிடத்தில் நகம் சடக்கென்று மாட்டியது. அடுத்து இன்னொரு இடம். கண்ணுக்குத் தெரியாத இரண்டு வளையக் கோடுகள். “ரப்பர் சீலோட உதடு உக்கார்ற இடம் இதுதான் அண்ணே. இந்தக் கோடு விழுந்தாச்சுன்னா புது சீல் போட்டாலும் தண்ணி நிக்காது” என்றார். பிறகு ஒரு நுனியைக் காட்டினார். அங்கே, இன்னொரு பாகத்தோடு கோத்துக்கொள்ளும் ஸ்ப்ளைன் பற்கள். புது ஷாஃப்ட்டில் சதுர விளிம்போடு இருக்க வேண்டியவை, ஒரு பக்கமாகச் சரிந்து கூர்மையாகியிருந்தன.

தேய்மானம் வெளியே தெரியும் இடங்கள் இந்த இரண்டும்தான். காரணத்தைப் புரிந்துகொள்ள வண்டியின் பிறப்பையும் அமைப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டிய கிளேட்டன் ஜேக்கப்சன், விழுந்தால் மண்ணில் விழாமல் தண்ணீரில் விழுகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று 1960-களில் செய்து பார்த்ததுதான் இது. 1973-இல் கவாசாகி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ‘ஜெட் ஸ்கீ’ என்பது அந்தக் கம்பெனியின் வணிகப் பெயர். நாம் எல்லா வண்டிகளுக்கும் அதையே வைத்துக்கொண்டோம். யமஹாவின் நின்று ஓட்டும் சூப்பர் ஜெட் 1990-இல் வந்தது. நம் கரைகளில் வாடகைக்கு ஓடுபவை பெரும்பாலும் உட்கார்ந்து ஓட்டும் ரகம். நின்று ஓட்டுவது ஆசைக்காரர்கள் வைத்திருப்பது. உடம்பு சின்னது, உள்ளே இடம் குறைவு, ஓட்டுபவர் அடிக்கடி விழுவார். ஆகவே இன்ஜின் அறைக்குள் தண்ணீர் புகும் வாய்ப்பும் அதிகம். கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கமாகப் புரட்டி நிமிர்த்த வேண்டும் என்று அதன் பின்பக்கத்திலேயே அம்புக்குறி ஒட்டியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் புரட்டினால் இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கிவிடும்.

இன்ஜினுக்கும் பின்னால் இருக்கும் ஜெட் பம்புக்கும் நடுவே ஓடுவதுதான் டிரைவ் ஷாஃப்ட். இதில் கியர் கிடையாது. முழு வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும்போது ஷாஃப்ட்டும் அதே ஆறாயிரம் சுற்று சுற்றும், நொடிக்கு நூறு. முன்னால் ஒரு கப்ளிங், அதற்குள் அதிர்ச்சி தாங்க ஒரு ரப்பர். நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் ஒரு பேரிங் கூடு, அதில் தண்ணீரைத் தடுக்கும் சீல்கள். அதைத் தாண்டினால் ஷாஃப்ட் கடல் தண்ணீருக்குள்ளேயே ஓடி, பம்புக்குள் சுற்றும் விசிறியான இம்பெல்லரில் போய்ச் சேரும். ஸ்ப்ளைன் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். சிலதில் இம்பெல்லர் முனையில், சிலதில் நடுக்கூட்டின் பக்கம்.

இனி தம்பியின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஓட்டுவதால் தேயுமா? தேயும், ஆனால் மெதுவாக. சுத்தமான தண்ணீரில், நல்ல கிரீஸோடு, நேராகப் பூட்டிய ஷாஃப்ட் பல வருஷம் உழைக்கும். இரண்டு சீசனில் இரண்டு ஷாஃப்ட் போகிறது என்றால் ஓட்டிய கையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மணல், பிளாஸ்டிக், கோணல், உப்பு என்ற நான்கில் எது செய்த வேலை என்று பார்க்க வேண்டும்.

மணல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மும்பைக் கடலில் பெரிய ஏற்றவற்றத்தின்போது தண்ணீர் மட்டம் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும். ஓதம் வற்றும் நேரத்தில் ஜுஹூவிலோ வர்சோலியிலோ வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் அளவுதான் இருக்கும். அடியில் உந்துவிசிறி நீட்டிக்கொண்டு இல்லையே, ஆழமில்லாத இடத்தில் ஓட்டினால் என்ன என்று நினைக்கிறார்கள். நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் 1954-இல் ஜெட் படகைச் செய்ததே ஆழமில்லாத ஆறுகளில் போவதற்காகத்தான். ஆனால் பம்பு தண்ணீரை உறிஞ்சும் வாய் வண்டியின் அடியில் இருக்கிறது. மணலும் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். மணலில் உள்ள குவார்ட்ஸ் நம் எவர்சில்வர் இரும்பைவிடக் கடினமானது. சீலின் உதட்டில் ஒரு துகள் பதிந்துவிட்டால் ரப்பரே அரமாகிவிடுகிறது; நான் நகத்தால் தடவிய கோடுகள் அப்படி விழுந்தவைதான். கரையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போன பிறகு இன்ஜினைக் கிளப்புங்கள். திரும்பி வரும்போதும் அதே ஆழத்தில் நிறுத்திவிட்டுத் தள்ளி வாருங்கள். வாடகைக்கு எடுப்பவரைக் கரை மணலிலேயே ஏற்றிக் கிளப்பச் சொல்லும் முதலாளிதான் ஷாஃப்ட்டைத் தேய்க்கிறார். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

பிளாஸ்டிக் விஷயம் நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. தாராவியின் ஓரமாகப் போகும் மித்தி, மாஹிமில் கடலோடு சேர்கிறது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நாம் கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது, சாக்கடைகளை அடைத்துக்கொண்டிருந்த பைகளை எல்லாரும் பார்த்தோம். 2018-இல் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டது. ஆனாலும் பை, கோணிச் சரடு, அறுந்த நைலான் வலைத்துண்டு எல்லாம் இன்றும் கடலில் மிதக்கின்றன. இவை பம்புக்குள் இழுபட்டால் இம்பெல்லருக்கு முன்னால் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும். சுற்றும் வேகத்தில் உரசிச் சூடாகி, நைலான் உருகி ஷாஃப்ட்டோடு ஒட்டிவிடும். அந்தக் கட்டி சீலைக் கிழிக்கும். எடை ஒரு பக்கம் கூடி ஷாஃப்ட்டை ஆட்டும். வண்டி திடீரென்று இழுவை குறைந்து, இன்ஜின் மட்டும் கத்தினால் உள்ளே ஏதோ சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். முறுக்கி ஓட்டி அதை அறுக்கப் பார்க்காதீர்கள். கரைக்குக் கொண்டுவந்து, இன்ஜினை நிறுத்தி, இன்ஜினை நிறுத்தும் மணிக்கட்டுக் கயிற்றின் பூட்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே கை விட வேண்டும். விரல்கள் முக்கியம் தம்பி.

இந்த இடத்தில் தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில் வேலை செய்யும் நம் வாசகர்களை நினைத்துக்கொள்கிறேன். பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் மெஷின்களோடு காலம் தள்ளுபவர்களுக்கு ஷாஃப்ட்டும் பேரிங்கும் வீட்டுப் பிள்ளை மாதிரி. அந்த மெஷின்களைச் செய்வதும் பழுது பார்ப்பதும்கூட அந்தச் சந்துகளிலேயே நடக்கிறது. பேரிங் கூட்டின் மேல் புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்தே, கிரீஸ் வற்றியதா, ஷாஃப்ட் கோணலா என்று சொல்லிவிடுவார்கள். கடற்கரையில் தனியாக மாட்டிக்கொண்ட பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது இவர்களில் ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

கோணல் என்று சொன்னேன். இன்ஜின் நான்கு ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. வருஷக்கணக்கில் உப்பும் எண்ணெயும் பட்டு ரப்பர் தளர்ந்தால் இன்ஜின் ஒரு பக்கம் இறங்கிவிடும். அப்போது இன்ஜினின் நடுக்கோடும் ஷாஃப்ட்டின் நடுக்கோடும் ஒன்றாக இருக்காது. ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கை ஒரே பக்கமாக அழுத்தும், ஸ்ப்ளைன் பற்கள் முன்னும் பின்னும் உரசிக்கொண்டே இருக்கும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இன்ஜின் மூடியைத் திறந்து கப்ளிங்குக்குக் கீழே விரலால் துடைத்துப் பாருங்கள். கறுப்பாக ரப்பர் மாவு ஒட்டினால் அலைன்மென்ட் போய்விட்டது, அல்லது கப்ளிங் ரப்பர் முடிந்துவிட்டது. நடு ரப்பரை எடுத்துவிட்டு, கப்ளிங்கின் இரண்டு பாதிகளின் மேலும் ஒரு நேரான இரும்புப் பட்டையை வையுங்கள். மேலே ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை. பட்டைக்கும் கப்ளிங்குக்கும் நடுவே வெளிச்சம் தெரியாத வரை மவுண்டிங்குக்கு அடியில் மெல்லிய தகடுகளை வைத்துச் சரிசெய்ய வேண்டும். 1915-இல் தொடங்கிய மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நம் பெரியவர்களுக்கு இந்த வேலை கண்ணை மூடிக்கொண்டு வரும். இன்ஜினை வெளியே எடுத்துத் திரும்பப் பூட்டும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை கட்டாயம். இதைச் செய்யாமல் புது ஷாஃப்ட் மாட்டினால், பழைய ஷாஃப்ட்டைக் கொன்ற கோணலே புதியதையும் கொல்லும். தம்பியின் இரண்டாவது ஷாஃப்ட்டுக்கு இதுதான் நடந்திருக்கும் என்பது என் செம்பூர் நண்பரின் ஊகம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது உப்பு. ஷாஃப்ட் எவர்சில்வர் ரகம்தானே, துரு ஏறாதே என்று பலர் அசட்டையாக இருக்கிறார்கள். அந்த இரும்பைக் காப்பது அதன் மேல் படியும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய தோல். அது கிழிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனால் தானே ஆறிக்கொள்ளும். ஆனால் ஓடிய வண்டியைக் கழுவாமல் நிறுத்திவிட்டால் சீலுக்கு அடியில், ஸ்ப்ளைன் இடுக்கில், உப்புத் தண்ணீர் சிறைப்பட்டு நிற்கிறது. அங்கே காற்று போகாது, தோல் ஆறாது. உப்பிலுள்ள குளோரைடு அந்த இடத்தில் புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். சீசன் தொடங்கி வண்டியைக் கிளப்பியதும், குழி விழுந்த அந்த ஷாஃப்ட் சீலின் உதட்டை ஒரே நாளில் தின்றுவிடும். பார்ப்பவருக்கு ஓட்டித் தேய்ந்த மாதிரி தெரியும். உண்மையில் ஓடாமல் கிடந்த நாட்களில் கெட்டது அது. ஷாஃப்ட் எவர்சில்வர், பம்பு கூடு அலுமினியம். இரண்டு உலோகம் உப்புத் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால் அலுமினியமும் அரிக்கும்.

ஆகவே கழுவுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்ஜினுக்கு ஹோஸ் மாட்டித் தண்ணீர் விட்டால் எல்லாம் கழுவியாயிற்று என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது இன்ஜினின் குளிர்விக்கும் குழாய்களை மட்டுமே கழுவும். ஷாஃப்ட் ஓடும் குகைக்குள் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் போவதில்லை. வண்டியைச் சாய்த்து, அடியில் இருக்கும் உறிஞ்சும் வாய் வழியாகத் தனியாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். ஷாஃப்ட்டைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே பீய்ச்சினால் இன்னும் நல்லது. இன்ஜினைக் கழுவும்போது வரிசை மாறக் கூடாது: முதலில் இன்ஜினைக் கிளப்பி, பிறகு குழாயைத் திறக்க வேண்டும்; முதலில் குழாயை மூடி, பிறகு இன்ஜினை நிறுத்த வேண்டும். தண்ணீரை முன்னால் திறந்தால் புகைக்குழாய் வழியாக அது இன்ஜினுக்குள் போய்விடும். தண்ணீர் இல்லாமல் சில நொடிகளுக்கு மேல் ஓட விடவும் கூடாது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. காலையில் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைக்கு, வண்டி கழுவ நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். கடற்கரைக் கொட்டகைகளில் நல்ல தண்ணீர் டேங்கரில்தான் வரும். விலை கொடுத்து வாங்குவது. அதனால் கடல் தண்ணீராலேயே மேலோட்டமாக அலசித் தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஈரத்தோடும் உப்போடும் மூடுவதைவிடத் திறந்தே போடலாம். சில பக்கெட் நல்ல தண்ணீரின் விலையையும் இறக்குமதி ஷாஃப்ட்டின் விலையையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கும்படி முதலாளிமார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது கிரீஸ். நம் ஊர்களில் மாட்டு வண்டி அச்சுக்கு மசகு போடாமல் யாரும் பாரம் ஏற்ற மாட்டார்கள். இதற்கும் அதே கவனம் வேண்டும். நடுக்கூட்டில் நிப்பிள் இருக்கும் மாடல்களில் கையேடு சொல்லும் அளவு கிரீஸை, சொல்லும் இடைவெளியில் அடிக்க வேண்டும். அதிகமாகத் திணித்தால் சீலின் உதடு வெளியே பிதுங்கிவிடும். கடையில் சும்மா ‘கிரீஸ்’ என்று கேட்காதீர்கள். தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் என்று கேளுங்கள். சோடியம் சோப்பு கலந்த பழைய ரக கிரீஸ் தண்ணீரில் கரைந்தே போய்விடும். கறுப்பு கிராஃபைட் கிரீஸும் கடலுக்கு ஆகாது. உப்புத் தண்ணீரில் அது உலோக அரிப்பைத் தூண்டும். ஸ்ப்ளைனை வருஷத்துக்கு ஒரு முறையாவது கழற்றி, பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, புதிதாகத் தடவ வேண்டும். துடைத்த கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. செங்கல் நிறத்தில் இருந்தால் இரும்பு உதிர்கிறது.

தேய்ந்துபோன ஷாஃப்ட்டை என்ன செய்வது? கோடு மட்டும் விழுந்திருந்தால், சில கூடுகளில் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்துப் புது இடத்தில் உரச விடலாம். கோட்டின் மேல் மெல்லிய எவர்சில்வர் உறை ஏற்றும் வழியும் உண்டு. அது நல்ல வழி. லேத் பட்டறையில் வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன் என்பார்கள். அரைவை மெஷினுக்கு அது சரிப்படும். நொடிக்கு நூறு சுற்று சுற்றும் ஷாஃப்ட்டில் வெல்டிங் சூடு பட்டால் வளையும்; வளைந்தது பேரிங்கைத் தின்னும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்ப்ளைன் பல் சரிந்திருந்தாலோ பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது ஷாஃப்ட் நுழையும் எதிர்ப்பக்கப் பற்களையும் பாருங்கள். தேய்ந்த பல்லில் புதுப் பல்லைக் கோத்தால் புதியதும் சீக்கிரம் போகும்.

இப்போது மே முடியப்போகிறது. கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் படகுகளும், கடல் விளையாட்டுகளும் மழைக்காலம் முடியும்வரை நிற்கும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை. செம்பூர் வாசகர்கள் மாஹுல், டிராம்பே கோளிவாடாக்களில் பார்த்திருப்பீர்கள்: கோளி மீனவர்கள் இந்த மாதங்களில் படகை மேலே ஏற்றி, ஷாஃப்ட்டைக் கழற்றி, பேக்கிங் மாற்றி, வண்ணம் அடித்து, நாரளி பூர்ணிமைக்குத் தேங்காய் விட்டபிறகுதான் கடலுக்குத் திரும்புவார்கள். ஜெட் ஸ்கீ வைத்திருப்பவர்கள் அதே மாதங்களில் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஷாஃப்ட் கெடும் காலமே அந்த மழை மாதங்கள்தான்.

ஆகவே இந்தக் கொட்டகைகளை நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் இது. கடைசி சவாரி முடிந்த வாரத்திலேயே உங்கள் பையனுக்கு ஒரு முழு நாளைச் சம்பளத்தோடு கொடுங்கள். பம்பைக் கழற்றி, ஷாஃப்ட்டை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, உலர்ந்த இடத்தில் வைக்கட்டும். கழற்ற வசதியில்லை என்றால், கழுவிக் கிரீஸ் போட்டு, அடியிலுள்ள வடிகால் மூடிகளைத் திறந்து, முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தட்டும். வாரம் ஒரு முறை ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிவிட்டால், சீல் ஒரே கோட்டில் உட்கார்ந்து கிடக்காது. எந்தத் தேதியில் கிரீஸ் போட்டது, எந்தத் தேதியில் அலைன்மென்ட் பார்த்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டு இல்லாமல் யாருடைய சம்பளத்திலும் பிடிக்க உங்களுக்கு நியாயமில்லை.

மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.யில் மெக்கானிக்கல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கடற்கரையில், மின்சாரம் இல்லாத இடத்தில், ஒரே ஆள் வைத்துப் பார்க்கக்கூடிய எளிய அலைன்மென்ட் கருவி ஒன்றை உங்கள் கடைசி வருஷ புராஜெக்ட்டாகச் செய்து பாருங்கள். செய்தால் எழுதுங்கள், படத்தோடு வெளியிடுகிறோம்.

தம்பி, உங்கள் வண்டியின் மாடலையும் வருஷத்தையும் குறித்து, கப்ளிங்குக்குக் கீழே ரப்பர் மாவு இருந்ததா என்பதையும் எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தை உங்கள் முதலாளியிடமும் காட்டுங்கள். ஜூன் முதல் வாரத்துக்குள் அந்த ஷாஃப்ட் வண்டியிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்